வெறும் ஆவிதானே

கமலக்கண்ணன் இறந்த முப்பதாம் நாள் மதியம், அவர் வீட்டில் லிச்சிப் பழ வாசனை வந்தது.

அவர் மனைவி ஜெயப்ரியா அப்போது கீழறையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பட்டுச் சேலைகளுக்குக் கரையும் முந்தானையும் வடிவமைத்துக் கொடுப்பது அவள் தொழில். யானை வரிசை ஒன்றின் தும்பிக்கையைக் கட்டம் கட்டமாகத் திருத்திக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. தெருவிலிருந்த பவர்லூம்கள் எல்லாம் ஒரே மூச்சில் அடங்கின. அந்தத் தெருக்காரர்கள் காதில் தறிச் சத்தம் விழுவதே இல்லை. அது நின்றால்தான் என்னவோ ஆகிவிட்டது என்று தலை நிமிர்வார்கள். ஜெயப்ரியாவும் நிமிர்ந்தாள். ரோஜாவையும் திராட்சையையும் சர்க்கரைப் பாகில் ஊறவைத்தது போன்ற அந்த வாசனை மாடிப்படிப் பக்கமிருந்து இறங்கி வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அவர் நிற்பார் என்றும் பயமாக இருந்தது, நிற்கமாட்டார் என்றும் பயமாக இருந்தது.

மின்சாரம் வந்தது. தறிகள் மறுபடி தடதடக்கத் தொடங்கின. வாசனை கரைந்துபோனது. பிரமை என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டு திரையைப் பார்த்தபோது, நடுக்கூடத்திலிருந்து மாமனார் பரசுராமன் வந்து கதவருகே நின்றார். எழுபத்திரண்டு வயது. மகன் போனதிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

"ஜெயா, உனக்கும் வந்துச்சா?"

"இன்னா மாமா?"

"கண்ணன் வாசன. அந்த பேனா மாதிரி ஒண்ண வாயில வச்சிகினு இருப்பானே, அந்த வாசனம்மா. இப்பத்தான் என்னத் தாண்டிப் போச்சு."

அவர் கண்கள் நனைந்திருந்தன. ஆனால் முகத்தில் ஒரு மாதம் காணாத வெளிச்சம் இருந்தது. ஜெயப்ரியாவுக்கு உள்ளங்கால் சில்லிட்டது. தனக்கு மட்டும் வந்திருந்தால் பைத்தியம் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். இனி அதுவும் முடியாது.

"எனக்கு ஒண்ணும் வரலியே மாமா" என்றாள்.

அவள் சொன்ன முதல் பொய் அது அல்ல.

கமலக்கண்ணன் பட்டுச் சேலை வியாபாரி. ஆரணியிலும் சுற்று ஊர்களிலும் அவருக்காக நெய்பவர்கள் இருந்தார்கள். சென்னைக் கடைகளுக்கு அவர் சரக்கு போனது. கல்லூரிக் காலத்திலிருந்தே சிகரெட். மொட்டைமாடியில் நின்று பிடித்துவிட்டு, வாய் கொப்பளித்து, கை கழுவித்தான் சேலையைத் தொடுவார். ஆனால் பட்டு எந்த வாசனையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். போன வருடம் ஒரு பெரிய கடையிலிருந்து கல்யாணச் சேலைகள் ஒரு கட்டு திரும்பி வந்தது. முகூர்த்தப் புடவையை விரித்த பெண்ணின் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாராம். அன்று சாயந்திரம் கமலக்கண்ணன் சாப்பிடவில்லை. ஊர் முழுக்கத் தன்னைப் பார்த்து மூக்கைப் பொத்தியதுபோல் குன்றிப்போய் உட்கார்ந்திருந்தார்.

வழி கண்டுபிடித்தது ஜெயப்ரியாதான். அவள் கணினி அறிவியல் படித்தவள்; எதுவானாலும் தேடிப் படித்துவிட்டுத்தான் முடிவெடுப்பாள். இ-சிகரெட்டில் நெருப்பில்லை, சாம்பலில்லை, புகையில்லை, சிகரெட்டை விடுவதற்கு இதைவிட நல்ல வழியில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். வேறு மாதிரி எழுதியிருந்தவற்றையும் அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு மூடினாள். நம் நாட்டில் விற்கவே தடை என்பதையும் படித்தாள். தடை செய்ததெல்லாம் விஷமா என்ன என்று நினைத்துக்கொண்டாள். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கத்தில் சொல்லி, தன் பெயருக்கே கூரியரில் வரவழைத்தாள்.

கமலக்கண்ணன் அதைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஒரு இழுப்பு இழுத்தார். வெள்ளையாக ஒரு மேகம் வந்து, விரித்து வைத்திருந்த அரக்குச் சேலை மேல் மிதந்து, கறையில்லாமல் மறைந்தது.

"இன்னா ஜெயா, இது வெறும் ஆவிதானே?"

"வெறும் ஆவிதாங்க. இட்லிப் பானைல வர்றா மாதிரி."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இப்போதெல்லாம் பாத்திரம் தேய்க்கும்போதும், பல் துலக்கும்போதும் அவள் காதில் கேட்கிறது.

சிகரெட் ஒழிந்தது உண்மை. ஆனால் நாளைக்கு மூன்று வேளை மாடிக்குப் போனவர், இப்போது எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. சேலை மடிக்கும்போது ஓர் இழுப்பு, போன் பேசும்போது ஓர் இழுப்பு, படுக்கையில் ஓர் இழுப்பு. கையில் அது இல்லையென்றால் சிடுசிடுவென்று விழுந்தார். தீபாவளிக்கு முந்தைய நெருக்கடியில் ஒருநாள் அந்த இன்ஸ்டாகிராம் பக்கம் காணாமல் போயிற்று. ஜெயப்ரியா வேறொரு ஆளைப் பிடித்தாள். புதிதாக வந்தவற்றின் அட்டையில் பழத்தின் பெயரே எழுத்துப்பிழையோடு இருந்தது. வாய் வைக்கும் இடத்தில் எண்ணெய் மாதிரி கசிந்தது.

"தொண்டைய அறுக்குது ஜெயா."

"புதுசு இல்லீங்களா, பழகிடும்."

அதையும் அவள்தான் சொன்னாள்.

முதலில் காய்ச்சல், வறட்டு இருமல். மழைக்காலம், ஊரில் எல்லோருக்கும் காய்ச்சல். பிறகு வாந்தி. பிறகு சோற்றுத் தட்டிலிருந்து எழுந்து கை கழுவப் போவதற்குள் இரைத்தது. தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னால் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் பனி மூடிய கண்ணாடி போல் இருந்தன. மணிமேகலை என்ற நுரையீரல் டாக்டர் கட்டிலருகே நின்று ஜெயப்ரியாவிடம் கேட்டார்.

"சிகரெட் பழக்கம் உண்டா?"

"இருந்திச்சுங்க டாக்டர். விட்டு ஒரு வருஷமாவுது."

"வேற ஏதாவது? ஹூக்கா, வேப், இ-சிகரெட்... யோசிச்சு சொல்லுங்க. எதுவா இருந்தாலும் பரவால்ல, வைத்தியத்துக்குத்தான் கேக்கறேன்."

ஆக்சிஜன் மாஸ்க்குக்கு உள்ளிருந்து கமலக்கண்ணன் அவளைப் பார்த்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்தார். சொல்லு என்றா, சொல்லாதே என்றா? அவளுக்கு இன்றுவரை தெரியாது. அந்த நொடியில் அவளுக்குத் தோன்றியதெல்லாம் தன் பெயரில் வந்த கூரியர் கவர்கள்தான். போலீஸ், ஊர்ப் பேச்சு, பெண்டாட்டியே வாங்கிக் கொடுத்தாளாம் என்ற சொல். அதோடு, வெறும் ஆவி ஒரு ஆளை இப்படிப் படுக்கவைக்குமா என்ற எண்ணமும்.

"இல்லீங்க டாக்டர். ஒண்ணும் இல்ல."

மறுநாள் இன்னொரு டாக்டர் வந்து அதே கேள்வியைக் கேட்டார். அதே பதிலைச் சொன்னாள். நான்காம் நாள் வென்டிலேட்டர் வைத்தார்கள். ஆறாம் நாள் வராந்தாவில் உட்கார்ந்து கைபேசியில் படித்தபோது, ஒரு வெளிநாட்டு ஆஸ்பத்திரி எழுதியிருந்த கட்டுரையில் தன் கணவரின் உடம்பைக் கண்டாள். காய்ச்சல், வாந்தி, மூச்சிரைப்பு, பனி மூடிய நுரையீரல். இ-சிகரெட் என்று முன்னமே தெரிந்தால் மருந்து வேறு திசையில் போகும் என்று அதில் இருந்தது. அவள் எழுந்தாள். டாக்டர் அறை வரை போனாள். உள்ளே வேறு யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன பதில் இருக்கிறது?

ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார். நிமோனியா என்று சீட்டில் எழுதிக்கொடுத்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபின் அவள் அந்தப் பேனாவைத் தேடினாள். உடைத்து ஏரியில் எறிய வேண்டும் என்று நினைத்தாள். ஆஸ்பத்திரியில் திருப்பித் தந்த துணிப் பையில் அது இல்லை. அலமாரியில் இல்லை. மிச்சமிருந்த அட்டைப் பெட்டியையும் காணவில்லை. அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று ஒரு எண்ணம் வந்தது. அதற்குப் பிறகுதான் வாசனை வர ஆரம்பித்தது.

பெரும்பாலும் சாயந்திரம் நாலு மணி வாக்கில் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கு முன்னாலேயே வந்துவிடும். ஒருநாள் மாடிப்படி வளைவில், ஒருநாள் கொடியில் காயும் துணியில். மடித்து வைத்திருந்த மாம்பழ நிறச் சேலை ஒன்றை அவள் பிரித்தபோது அதற்குள்ளிருந்து வந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பரசுராமன் நாலு மணிக்குக் கூடத்தில் மகனின் நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்தில் ஒரு டம்ளர் காபி வைக்கச் சொன்னார். ஜெயப்ரியா வைத்தாள். அவர் அந்த நாற்காலியைப் பார்த்தபடி வியாபார விஷயம் பேசுவார். கோரா பட்டு நூல் விலை ஏறிவிட்டது, நெசவாளி எல்லப்பன் தறியில் பாவு நூல் ஏற்றியாகிவிட்டது என்று.

ஒருநாள் அவர் அவளிடம் சொன்னார்: "ஆஸ்பத்திரில நான் உள்ள போனப்போ எங்கிட்ட இன்னாவோ சொல்ல வந்தாம்மா. மூஞ்சில மாஸ்க்கு. கைய கைய ஆட்றான். எனக்குப் புரியல. அந்த வார்த்தைய சொல்லத்தான் வந்துகினு கீறான். சொல்லிட்டான்னா போயிடுவான்."

ஜெயப்ரியா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடும் சத்தத்தில் நின்றாள். அந்த வார்த்தை என்னவென்று அவளுக்குத் தெரியும். டாக்டரிடம் அவள் சொல்லாமல் விட்டதைத்தான் அவர் தன் அப்பாவிடம் சொல்ல வந்திருப்பார். தான் விழுங்கிய வார்த்தையைத் தேடித்தான் அவர் வீட்டை அறை அறையாகச் சுற்றுகிறார் என்று அவள் நம்பத் தொடங்கினாள். பவர்லூம் சத்தத்துக்குள் வென்டிலேட்டரின் மூச்சு கேட்டது. உடம்பு பாதியாக இளைத்தது.

இதில் மகள் சுகன்யாவை அவள் சரியாகக் கவனிக்கவில்லை. பதினோராம் வகுப்பு. அப்பா செல்லம். அப்பா போனபின் வாயைத் திறப்பதே இல்லை, திறந்தால் கத்தல். சாப்பாடு இறங்கவில்லை. விட்டு விட்டு இருமினாள். பொங்கலுக்கு முன்னால் வகுப்பு டீச்சர் போன் செய்து, "அடிக்கடி பாத்ரூம் போகணும்னு எழுந்திரிச்சுடறா. கை நடுங்குது. படிப்புல கவனமே இல்லீங்க" என்றார். அப்பாவை நினைத்து ஏங்குகிறது என்றாள் ஜெயப்ரியா. டீச்சரும் பாவம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

பொங்கல் கழிந்த வாரம் ஒரு சனிக்கிழமை. பரசுராமன் சந்தவாசல் கிராமத்தில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். சாயந்திரம் நாலு மணிக்கு வாசனை வந்தது. அன்றைக்கு முன்னெப்போதையும்விட அடர்த்தியாக, கையால் விலக்கலாம் போல இருந்தது. ஜெயப்ரியா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். இனி ஓடி ஒளிய அவளுக்குத் தெம்பில்லை. வாசனை வரும் பக்கமாக நடந்தாள். படியேறினாள். பட்டு நூல் வைக்கும் மாடியறைக் கதவு சாத்தியிருந்தது. கீழ் இடுக்கு வழியாக அந்த வாசனை வந்துகொண்டிருந்தது.

அவள் கதவருகே தரையில் உட்கார்ந்தாள். நெற்றியை மரத்தில் வைத்தாள்.

"இன்னாங்க" என்றாள். இரண்டரை மாதத்துக்குப் பிறகு அந்த விளிப்பு அவள் வாயிலிருந்து வந்தது. "நான் சொல்லிட்றேங்க. நீங்க இனிமே அலைய வேணாம். டாக்டரம்மா கேட்டாங்க. மறுநாளு இன்னொரு டாக்டரும் கேட்டாரு. நான் இல்லன்னு சொல்லிட்டேன். வாங்கியாந்து உங்க கையில குடுத்தது நானு. தொண்டைய அறுக்குதுன்னீங்க, பழகிடும்னு சொன்னதும் நானு. ஆறாம் நாளே எனக்குத் தெரிஞ்சி போச்சுங்க. அப்பவும் சொல்லல. பயந்துட்டேன். என் பேரு கெட்டுப் போயிடும்னு பயந்துகினு உங்கள வுட்டுட்டேன்."

அறைக்குள்ளிருந்து இருமல் கேட்டது.

ஜெயப்ரியா நெற்றியை மரத்திலிருந்து எடுத்தாள். அந்த இருமல் நிற்கவில்லை. அடிவயிற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும் வறட்டு இருமல். ஐப்பசியில் கணவரிடம் அதை அவள் இரவு பகலாகக் கேட்டிருந்தாள். எழுந்து கதவைத் தள்ளினாள்.

வெள்ளை மேகத்துக்கு நடுவில், நூல் மூட்டைகள் மேல் சாய்ந்தபடி, அப்பாவின் நீலக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு சுகன்யா உட்கார்ந்திருந்தாள். கையில் அந்தப் பேனா. காலடியில் காணாமல் போன அட்டைப் பெட்டி.

சுகன்யாதான் முதலில் வாய் திறந்தாள்.

"நீயா வாங்கிக் குடுத்தே?"

"கண்ணு, அத கீழ போடு."

"டாக்டர் கேட்டாங்களா? நீ இல்லன்னு சொன்னியா?"

"கீழ போடுடி!"

ஜெயப்ரியா பாய்ந்து பிடுங்கினாள். சுகன்யா விடவில்லை. தாயும் மகளும் நூல் மூட்டைகளுக்கு நடுவே புரண்டார்கள். "அது அப்பாது! குடும்மா! அப்பா வாசன அதுலதான் கீது! சட்டைலகூட போயிடுச்சு!" என்று சுகன்யா அலறினாள். ஆஸ்பத்திரியில் தந்த பையிலிருந்து எடுத்து வைத்தாளாம். முதலில் முகர்ந்து மட்டும் பார்த்தாளாம். அப்புறம் ஒரே ஒரு இழுப்பு. கண்ணை மூடினால் அப்பா பக்கத்தில் சேலை மடிப்பதுபோல் இருந்ததாம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு தடவை என்று இருந்தது, பிறகு இல்லாவிட்டால் தலை வெடித்தது, கை நடுங்கியது, யாரைப் பார்த்தாலும் அடிக்கலாம் போல் வந்தது. இப்போது பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துப் போகிறாள். பெட்டியில் பாதி காலி.

இதையெல்லாம் அவள் ஒரே மூச்சில் சொல்லவில்லை. சொல்ல மூச்சு இல்லை. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று வாயால் காற்றைப் பிடித்தாள். ஜெயப்ரியா சண்டையை நிறுத்தி மகளின் முகத்தைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. கழுத்துக் குழி உள்வாங்கி உள்வாங்கி எழுந்தது.

ஐப்பசியில் பார்த்த அதே குழி.

வாடகைக் காரில் வேலூர் போகும் வழி முழுக்க சுகன்யா அவள் மடியில் படுத்திருந்தாள். ஊர் தாண்டியதும் சொன்னாள்: "யார்கிட்டயும் சொல்லாதமா. ஸ்கூல்ல தெரிஞ்சா டிசி குடுத்துடுவாங்க. தாத்தாக்குத் தெரிஞ்சா..." மூச்சு வாங்கியது. "ஜுரம்னு சொல்லு. ஜுரம்தானே இருக்குது."

ஜெயப்ரியாவின் காலடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் அந்தப் பேனாவும் பெட்டியும் இருந்தன.

டாக்டர் மணிமேகலைக்கு அவளை நினைவிருந்தது. "நீங்க... தீபாவளி சமயத்துல..." என்று தொடங்கியவர் முன்னால், ஜெயப்ரியா பையை மேசை மேல் கவிழ்த்தாள். மகளைக் கட்டிலில் படுக்கவைத்து விரலில் கருவியை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆக்சிஜன் அளவு தொண்ணூறைத் தொட்டுக் கீழே இறங்கியது.

"இதத்தான் என் பொண்ணு ரெண்டு மாசமா இழுத்துகினு இருக்கா. இதத்தான் அவங்க அப்பாவும் இழுத்தாரு. நீங்க கேட்டப்போ நான் பொய் சொன்னேன் டாக்டர்."

டாக்டர் பேனாவை ஒரு பஞ்சால் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கசிந்திருந்த எண்ணெயைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உடனே ஸ்கேனுக்கு எழுதினார், நர்ஸிடம் ஊசிக்குச் சொன்னார், யாருக்கோ போன் செய்தார். எல்லாம் முடிந்து வராந்தாவுக்கு வந்தபோதுதான் ஜெயப்ரியா கேட்டாள்.

"அப்பவே சொல்லியிருந்தா அவரு பொழச்சிருப்பாரா?"

டாக்டர் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக் கையில் சுருட்டினார். "சொல்லியிருந்தா ஸ்டீராய்டு முன்னாடியே ஆரம்பிச்சிருப்போம். அதுல சில பேர் நல்லா தேறுவாங்க. சில பேருக்கு அப்பவும் கேக்காது. இதுக்குள்ள என்ன ஊத்தியிருக்காங்கன்னு அடைச்சவனுக்குத்தான் தெரியும். பொழச்சிருப்பார்னு சொல்ல மாட்டேன். மாட்டார்னும் சொல்ல மாட்டேன்."

திட்டியிருக்கலாம். அடித்திருந்தால்கூடத் தேவலை. பிழைத்திருப்பார், மாட்டார் என்ற இரண்டுக்கும் நடுவில் ஜன்னலில்லாத ஓர் அறையில் தன்னை வைத்துப் பூட்டிவிட்டுப் போனதுபோல் இருந்தது ஜெயப்ரியாவுக்கு. இனி ஆயுளுக்கும் அவள் இருக்கப்போவது அந்த அறையில்தான்.

சுகன்யாவின் நுரையீரலில் பனி அடிப்பக்கம் மட்டும்தான் படிந்திருந்தது. மூன்றாம் நாள் ஆக்சிஜன் குழாயை எடுத்தார்கள். உடம்பு தேறத் தேற, வேறொன்று தலை தூக்கியது. நிக்கோட்டின் கேட்டு உடம்பு நச்சரித்தது. வியர்த்தாள், தட்டை வீசினாள், ஊசி குத்திய கையையே பிராண்டினாள். ஒரு காலையில் வார்டே திரும்பிப் பார்க்கும்படி, "நீதான் அப்பாவக் கொன்னே! என்னத் தொடாத!" என்று கத்தினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜெயப்ரியா சிதறிய இட்லியைப் பொறுக்கினாள். நிக்கோட்டின் கேட்கும் கோபம் என்றார் நர்ஸ். அது நிக்கோட்டின் மட்டுமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

பேத்திக்கு மூச்சுத் திணறல் என்று மட்டும் தெரிந்திருந்த மாமனாரிடம், வீட்டுக்கு வந்த அன்று சொன்னாள். கூடத்தில், அவர் காலருகே உட்கார்ந்து, ஒன்றையும் விடாமல் சொன்னாள். அவர் கத்துவார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தாள். பரசுராமன் மகனின் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். காபியில் ஆடை கட்டியிருந்தது.

"அப்ப அது அவன் இல்லியா?" என்றார்.

"மாமா..."

"தெனம் நாலு மணிக்கு வந்தது... அது கண்ணன் இல்லியா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். முதியவர் எழுந்தார். எழுந்தவர் எங்கே போவது என்று தெரியாதவர்போல் நின்றார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். மகன் இரண்டாம் முறை செத்துப்போனது அன்றைக்குத்தான். எட்டு நாள் அவள் கையால் ஒன்றும் வாங்கிச் சாப்பிடவில்லை. ஒன்பதாம் நாள், "சாப்பிட இன்னா கீது?" என்று கேட்டார். மன்னிப்பு என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது. பசித்திருக்கும். ஆனால் கேட்டார்.

ஜெயப்ரியா வேலூர் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினாள். கணவர் பெயர், சேர்த்த தேதி, தான் மறைத்தது, எதை எத்தனை மாதம் இழுத்தார், எண்ணெய் கசிந்த கதை எல்லாவற்றையும் எழுதி, அவருடைய கோப்பில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டாள். தன் பெயரை முழுதாகவும் தெளிவாகவும் எழுதினாள்.

வாசனை பிறகு வரவில்லை. வராதது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். மதியம் தறிகள் நிற்கும்போதெல்லாம் அவள் விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றுவிடும். வெறும் காற்றை இழுத்து இழுத்துப் பார்ப்பாள். அவர் அலையவும் இல்லை, அவளை மன்னிக்கவும் இல்லை, அங்கே இல்லவே இல்லை. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை வெயில் ஏறுவதற்குள், சுகன்யா தானாகவே கேட்டாள்: "திருமலைக்குப் போலாமா?" ஆரணிக்குப் பக்கத்திலிருக்கும் அந்தச் சமணக் குன்றுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒருதரம் கூட்டிப்போயிருந்தார்களாம், அன்று எல்லோருக்கும் முன்னால் அவள்தான் ஓடி ஏறினாளாம். மூச்சுப் பரிசோதனையில் அவளுக்கு நுரையீரல் பலம் முக்கால்வாசி திரும்பியிருந்தது. மிச்சம் வரலாம், வராமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பாறையில் வெட்டிய படிகள். சுகன்யா விறுவிறுவென்று ஏறினாள். ஜெயப்ரியா நாலு படி பின்னால் வந்தாள். பாதியில் சுகன்யாவின் நடை தளர்ந்தது. அவள் பாறை மேல் கையூன்றி நின்றாள். முதுகு ஏறி இறங்கியது. வெம்பாக்கம் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் பேசிக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போயிற்று. இடுப்பில் குழந்தை வைத்திருந்த பெண்கூடத் தாண்டிப் போனாள். சுகன்யா அவர்களையே பார்த்தாள். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெயப்ரியா கீழ்ப்படியில் நின்றாள். பக்கத்தில் போய் உட்காரலாமா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பிறகு மகள் அவளைத் தொடவிட்டதில்லை.

"மூச்சு முழுசா வராதாமா?" என்று கேட்டாள் சுகன்யா, தூரத்து வயல்களைப் பார்த்தபடி.

வந்துவிடும் என்று சொல்லத்தான் ஜெயப்ரியாவுக்கு வாய் எழுந்தது.

"தெரியல கண்ணு" என்றாள்.

சுகன்யா தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, படியில் ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள். ஜெயப்ரியா வந்து உட்கார்ந்தாள். தோள் படவில்லை, நடுவில் ஒரு கையளவு இடம் இருந்தது. மேலே போன குடும்பத்தின் குழந்தை எதற்கோ வீறிட்டது. காற்று வெறும் பாறை வாசனையோடு, வெயில் வாசனையோடு வந்தது.

"இன்னிக்கு இவ்ளோ போதும்மா" என்றாள் சுகன்யா. "அடுத்த வாட்டி பாக்கலாம்."

இருவரும் இறங்கினார்கள்.